சம்பந்தி வீட்டு பேட்டரிகள்

எங்கள் குடும்பத்தில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டு, பிறகு அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்றால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தேன். அண்ணன் மகளுக்காக இருந்தேன்.

பீளமேட்டில் எங்கள் பட்டறை. அப்பா காலத்தில் அங்கே மோட்டார் பம்ப் செய்தார்கள். இப்போது அண்ணன் அதே கூரையின் கீழ், ஓடி ஓய்ந்த மின்சார வண்டிகளின் பேட்டரிகளை வாங்கி வேறு வேலைக்குத் தயார் செய்கிறார். வண்டியை இழுக்கத் தெம்பில்லாத பேட்டரிக்கு, ஒரே இடத்தில் உட்கார்ந்து மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கத் தெம்பு இருக்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து காவல் காப்பதுபோல என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்படித் தேறிய பேட்டரிகளை ரேக்கில் அடுக்கி, ரேக்குகளை ஒரு கன்டெய்னருக்குள் நிறுத்தி, முழுப் பெட்டியாக அனுப்புவோம்.

தெற்கே ஒரு துறைமுகம் எங்களிடம் சோதனைக்கு ஒரு பெட்டி கேட்டிருந்தது. அங்கே இறாலும் மீனும் நிறைந்த குளிர்பெட்டிகள் கப்பலுக்காகக் காத்து நிற்கும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டு ஓடும். பகலில் கூரை மேலிருந்து வரும் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, கரண்ட் போகும்போது குளிர்பெட்டிகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பெட்டியின் வேலை. அண்ணன் அதற்காகத் தூக்கம் கெட்டு உழைத்தார். அது தேறினால் இன்னும் பல துறைமுகங்கள் கேட்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பட்டறையில் பரிசோதனை என் பொறுப்பு. என் கணவர் சரவணம்பட்டியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறார்; நான் பிறந்த வீட்டுப் பட்டறையில் கையில் மீட்டரோடு அலைகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்ப்பது ஒரு நாள் வேலை. அதில் தேறுகிற எல்லாம் நல்ல பேட்டரி இல்லை. ஆகவே தேறியதை இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் ஒரு ஓரமாகப் போட்டு வைப்பேன். உள்ளே கோளாறு இருந்தால் சும்மா கிடக்கும்போதே அதன் மின்னழுத்த அளவு மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். இதற்குப் பட்டறையில் படுக்கப் போடுவது என்று பெயர். படுத்து எழாத எந்த பேட்டரியும் என் கையைத் தாண்டிப் போனதில்லை, அந்த ஒரு லோடைத் தவிர.

அந்த லோடு சத்தியமங்கலத்திலிருந்து வந்தது. அண்ணன் மகளை அங்கே கட்டிக்கொடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய மாமனார் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை ஏற்றும் மின்சார சரக்கு ஆட்டோக்கள் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கை தாராளம், ஆனால் தன் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு வருவதை விரும்பாதவர். ஆட்டோக்களுக்குப் புது பேட்டரி மாற்றியபோது, பழையதெல்லாம் சம்பந்திக்கே போகட்டும் என்று ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. தேங்காய் வந்தால் எண்ண மாட்டோம், அரிசி வந்தால் தராசில் வைக்க மாட்டோம். வைத்தால் எப்படியும் அது அவர்கள் காதுக்குப் போய்விடும். போனால், சங்கடம் அங்கே வாழ்கிற நம் வீட்டுப் பெண்ணுக்கு.

"அண்ணா, இதையும் படுக்கப் போட்டுத்தான் அனுப்போணுமுங்க" என்றேன்.

"சம்பந்தி குடுத்தனுப்புனதப் போயி சந்தேகப்படறதா பாப்பா? நல்லா இருக்குதுன்னு அவுரே சொல்லிப்போட்டாரு."

"பேட்டரிக்குச் சம்பந்தி யாருன்னு தெரியுமுங்களா?"

"உன்ற வாய் இருக்குதே" என்றார் அண்ணன். "அந்தூட்டு டிரைவரு நம்ம பட்டறைக்கு வாரமொருக்கா வாரான். இங்க ரெண்டு வாரம் படுக்கப் போட்டு வெச்சிருந்தா அங்க போயி என்னன்னு சொல்லுவான்? நம்ம புள்ள அங்க வாழோணும்."

ஒரு நாள் பரிசோதனையில் எல்லாமே தேறிவிட்டன. மேற்கொண்டு சண்டை போட என்னிடம் ஆதாரம் இல்லை. அண்ணன் அதோடு விடவில்லை. சம்பந்தி வீட்டுச் சரக்கு மூலையில் கிடக்கக் கூடாது என்று அத்தனையையும் ஒரே ரேக்கில் அடுக்கி, அந்த ரேக்கை கன்டெய்னரின் கதவுக்குப் பக்கத்தில் முதலாவதாக நிறுத்தச் சொன்னார். பெட்டியைத் துறைமுகத்தில் தொடங்கிவைக்கவும் சம்பந்தியையே அழைத்தார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைப்பதுபோல பேட்டரிக்கும் மரியாதை செய்கிறாரே என்று கிண்டல் செய்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன், சம்பந்தி, மாப்பிள்ளை மூவரும் முந்தைய நாளே காரில் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள். ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் சுவிட்சைப் போடுவதாக ஏற்பாடு. நான் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் கூப்பிட்டாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே திறந்துவிட்டிருக்கிறாள் என்பது அவள் பேசிய தணிந்த குரலில் தெரிந்தது.

"அத்தை, எங்க பேட்டரியெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள வெச்சுப்போட்டீங்களா?"

"வெச்சாச்சு கண்ணு. ஏன்?"

"படுக்கப் போட்டுப் பாத்தீங்கதானே?"

"இத மட்டும் படுக்கப் போடலை கண்ணு" என்றேன். அவளுக்குப் பட்டறை தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண்.

"ஐப்பசி மழைல ஆத்துத் தண்ணி ஷெட்டுக்குள்ள வந்துருச்சுங்க அத்தை. பேட்டரியெல்லாம் கீழதான் கெடந்துச்சு, ராத்திரி பூராவும் தண்ணிக்குள்ள. மாமாவும் இவுரும் அடுத்த நாள் சேறு போகக் கழுவி, மஞ்சக் காயப்போடற மாதிரி தார்ப்பாய்ல போட்டுக் காய வெச்சாங்க. உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். நேத்து கெளம்பறப்ப இவுரு, தண்ணி பூந்ததச் சொல்லலாமுங்களாப்பான்னு கேட்டாரு. காஞ்சதுக்கு அப்பறம் என்னத்தச் சொல்றதுன்னு மாமா சொல்லிப்போட்டாரு."

டீயைக் கீழே வைத்தேன். வண்டி பேட்டரிக்குள் தண்ணீர் போனால், வெளியே காய்ந்தாலும் உள்ளே அரிக்கத் தொடங்கும். நாள் கழித்து, மாதம் கழித்து, ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். சும்மா கிடக்கும்போதே சூடாகும். முழு சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கும். ஒன்று பிடித்தால் பக்கத்தில் இருப்பது பிடிக்கும். ஒரு இரும்புப் பெட்டி நிறைய பேட்டரி, கதவருகில் அந்த ரேக், அதன் முன்னால் என் அண்ணன்.

"அத்தை, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. இந்தூட்டுல என்னை அப்பறம் யாரும் நம்ப மாட்டாங்க. அப்பாகிட்டயும் சொல்லாதீங்க, அவரு மனசுல வெச்சுக்க மாட்டாரு."

"சொல்ல மாட்டேன். போன வெய்யி" என்றேன். அந்த வார்த்தையைக் கொடுத்தபோது அதன் கனம் எனக்குத் தெரியவில்லை.

பெட்டி துறைமுகத்துக்குப் போனாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பேட்டரியின் அளவும் சூடும் என் லேப்டாப்புக்கு வந்துகொண்டிருக்கும். திறந்து பார்த்தேன். எச்சரிக்கை எதுவும் இல்லை. பெட்டி தானாகக் கத்துவதற்கு வைத்த எல்லை இன்னும் மேலே இருந்தது. ஆனால் கதவோர ரேக்கில் ஒன்று மட்டும் தன் கூட்டாளிகளைவிட இறங்கியிருந்தது. அதன் சூடு கொஞ்சம் அதிகம். பக்கத்தை மூடித் திறந்தேன். இன்னும் கொஞ்சம் அதிகம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்குப் போட்டேன், அதுவும் அப்படியே. பெட்டி நிற்கும் இடத்துக்குப் போகிற வெளியாட்கள் போனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று முந்தைய வாரம் எனக்கே சொல்லியிருந்தார்கள், பதற்றத்தில் மறந்துவிட்டேன். சுவரில் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ராகு காலம் இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

துறைமுகத்தில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியரின் எண் என்னிடம் இருந்தது. தெற்கத்திக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். இங்க எல்லாரும் ரெடியா நிக்காங்க. பூசணிக்கா கூட உடைச்சாச்சு."

"சார், எங்க அண்ணன்கிட்டக் குடுங்க. அவசரம்."

"ஒரு நிமிசம், ஸ்பீக்கர்ல போடுதேன். உங்க சம்பந்தி சுவிட்ச்ல கை வச்சுட்டு நிக்காவ."

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு இருமல். அது சம்பந்தியின் இருமல். நான் சொல்லப்போவது எல்லார் காதிலும் விழும்.

"என்ன பாப்பா?" என்றார் அண்ணன்.

"அண்ணா, சுவிட்சப் போட வேண்டாமுங்க. கதவோர ரேக்க வெளிய எடுக்கோணும்."

"ஏன்?"

"அதுல கோளாறு இருக்குதுங்க."

"நேத்து வரைக்கும் இல்லாத கோளாறு இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு? ஆரு சொன்னாங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் என்று நான் வாயெடுத்தால் போதும், அந்தச் சேதி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அங்கே நிற்கிற இரண்டு பேருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் எனக்குப் போன் செய்கிறவர்கள் இல்லை. சொல்லாவிட்டால் அந்தக் கை சுவிட்சைப் போட்டுவிடும். லேப்டாப்பில் பார்த்ததைச் சொன்னாலும், எல்லைக்குள் இருக்கும் ஒற்றை பேட்டரிக்காக முழு ரேக்கையும் எடுக்க மாட்டார்கள். வாய் நீளம் என்று பெயர் எடுத்து என்ன பயன்?

"ஆரும் சொல்லலைங்க. தப்பு என்ற மேலதான். நான் பாத்த மீட்டரு கோளாறு. அந்த ரேக்கு பூராவும் அதுலயே பாத்துத் தேறுச்சுன்னு சொல்லிப்போட்டேன். இப்பத்தான் கண்டுபுடிச்சேன்."

பிறகு சம்பந்தி பேசினார். குரலில் கோபமே இல்லை.

"பரவால்லீங்க அம்மணி. மீட்டரு தப்பா இருந்தா என்னுங்க, பேட்டரி நம்முளுது, நல்லாத்தான் இருக்குமுங்க. நல்ல நேரம் போறதுக்குள்ள நான் போட்டுப்போடறேன்."

"சார்" என்று நான் அவர்கள் எல்லாரையும் தாண்டி இன்ஜினியரிடம் பேசினேன். "இந்தப் பெட்டிக்குச் சரின்னு சொன்னது நான். இப்ப வேண்டாம்னு சொல்றேன். ஒருத்தர் சுவிட்சைத் தொட்டாலும் பொறுப்பு உங்களோடது."

அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. "ஐயா, கையை எடுங்க. எல்லாரும் கீழ இறங்குங்க" என்றார். அண்ணன் போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்தார். "இத்தன பேரு முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டயே பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ரேக் கதவோரத்தில் இருந்ததால் இணைப்பைக் கழற்றி ஃபோர்க்லிஃப்டால் நேராக வெளியே இழுக்க முடிந்தது. மரியாதைக்காக முன்னால் வைத்தது அந்த வகையில் உதவியது. கடைசியில் வைத்திருந்தால் பெட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டியிருக்கும். யாரும் இல்லாத மணல் மேட்டில் வைத்துவிட்டு எல்லாரும் தள்ளி நிற்கச் சொன்னேன். இணைப்பு போனதால் என் லேப்டாப்பில் அந்த ரேக்கின் இடம் வெறுமையாகிவிட்டது. இனி எனக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை. நான் பயந்தது தப்பாகிவிட்டால் என் பெயர் கெடும், சரியாகிவிட்டால் அந்தப் பெண்ணின் பெயர் கெடும். எது நடக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் இன்ஜினியர் கூப்பிட்டார். "மேடம், புகைஞ்சு எரிஞ்சிட்டு. தீயணைப்பு வண்டி முன்னாடியே நிறுத்தி வச்சிருந்தோம். யாருக்கும் ஒண்ணும் இல்ல." நான் பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். துறைமுகம் சோதனையைத் தள்ளிவைத்தது. அண்ணன் என்னிடமிருந்து மீட்டரை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். என்னை கொள்முதல் விற்பனை மேசைக்கு மாற்றினார். எரியாமல் மிஞ்சிய பேட்டரிகள் திரும்பி வந்தபோது, யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒன்றைத் திறந்தேன். உள் விளிம்பில் ஆற்று வண்டல் பொடியாகப் படிந்திருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்ட வாய் துறுதுறுத்தது. மூடிவைத்துவிட்டு, அழிக்க வேண்டிய குவியலில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

வீட்டு விசேஷங்களில் என் மீட்டர் கேலிப்பொருளாகிவிட்டது. சர்க்கரைப் பொங்கலில் இனிப்பு போதும் என்று நான் சொன்னால், அவள் மீட்டரை நம்பாதீர்கள் என்பார்கள். நானும் கூடச் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் மகள் அதன் பிறகு என்னோடு போனில் பேசவே இல்லை. சம்பந்திக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதும் தெரியவில்லை. தன் பேட்டரி எரிந்ததைத் தள்ளி நின்று பார்த்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவள் உண்டானாள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்துக்கு நாங்கள் எல்லாரும் தூக்குவாளியும் பாத்திரமுமாகப் புளிசாதம், தயிர்சாதம், தேங்காய்சாதம் கட்டிக்கொண்டு சத்தியமங்கலம் போனோம். விருந்து முடிந்து அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கை நிறைய வளையலோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அவள் இலையில் என்ன வைக்கலாம் என்று கேட்டார். புளிசாதம் உறைப்பு, தயிர்சாதம் வையுங்கள் என்று நான் சொன்னேன். அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"என்ற தங்கச்சி சொல்றதக் கேட்டு வெக்காதீங்க. அவ மீட்டரு எப்படின்னு உங்களுக்கே தெரியுமுங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா, அத்தையோட மீட்டரு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். "பேட்டரி ஆத்துத் தண்ணில மூழ்குனது. நாந்தான் அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். என்ற பேரச் சொல்ல வேண்டாமுன்னு கேட்டுக்கிட்டேன், அதனால அவங்க பழியத் தூக்கிக்கிட்டாங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தன் புகுந்த வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டாளே என்று கலங்கினேன்.

சம்பந்தி தலையை நிமிர்த்தினார்.

"ஏன் கண்ணு, அதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, போன் பண்ண உட்டிருப்பீங்களா மாமா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவருடைய கை சோற்றோடு இலைக்கு மேலே அப்படியே நின்றது. துறைமுகத்தில் அந்தச் சுவிட்சின் மேல் இருந்ததும் அதே கைதான். அவர் அதை ஒரு முறை பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இல்ல கண்ணு" என்றார். "உட்டிருக்க மாட்டேன்."